கடன் யாருடையது?

2022 ஒக்டோபரில் ஓர் இரவு. நியூ ஜேர்சியில் ஒரு வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில், மூச்சு இழுத்துக்கொண்டிருந்த பேரனை மடியில் வைத்தபடி மகளும் நானும் விடியும்வரை காத்திருந்தோம். ஆர்.எஸ்.வி. என்ற வைரசு என்றார்கள். கட்டில் இல்லை என்றார்கள். அடுத்த வாரம் நண்பரொருவர் தொலைபேசியில் சொன்னார்: "இரண்டு வருசமாய் முகத்தை மூடி, வீட்டுக்குள்ளை பூட்டிவைச்சுப் பிள்ளையளின்ரை உடம்பைக் கெடுத்துப்போட்டாங்கள்." நானும் ஓமென்றேன். அந்த 'ஓம்' எவ்வளவு சரியானது என்று பார்க்கவே இதனை எழுதுகிறேன்.

ஆர்.எஸ்.வி. புதிய கிருமியல்ல. 1956இல் கண்டறியப்பட்டது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் வெறும் தடிமன். கைக்குழந்தைக்கோ நுரையீரலின் நுண்ணிய மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளியால் அடைபட்டுவிடும். இரண்டு வயதுக்குள் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளையும் ஒருமுறையாவது தொற்றிவிடும். அமெரிக்காவில் இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தத்தில் ஓய்வது அதன் வழக்கம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதோடு இந்த ஒழுங்கு குலைந்தது. 2020-21 குளிர்காலத்தில் ஆர்.எஸ்.வி. அநேகமாகக் காணாமற் போயிற்று. இன்புளுவென்சாவால் இறந்ததாக அறிவிக்கப்பட்ட அமெரிக்கச் சிறுவர் தொகை, முந்திய பருவத்தில் 199; அந்தப் பருவத்தில் 1. சாதாரண தடிமனைத் தரும் ரைனோ வைரசு மட்டும் அவ்வளவாக மசியவில்லை. பின்னர் 2021 யூன் 10ஆம் திகதி, ரெக்சாஸ் முதலான தென்மாநிலங்களில் ஆர்.எஸ்.வி. பரவுவதாக மத்திய நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் எச்சரித்தது. பருவம் தப்பிய பரவல். 2022இல் அது முந்திக்கொண்டு பேரலையாக வந்தது.

இதற்கு 'நோயெதிர்ப்புக் கடன்' என்று 2021இல் பிரெஞ்சு வைத்தியர்கள் சிலர் பெயரிட்டார்கள். இச்சொல்லுக்குள் இரண்டு கருத்துக்கள் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று, கிருமியைக் காணாத உடம்பு பயிற்சியின்றிப் பலவீனமடைந்துவிடும் என்பது. என் நண்பர் சொன்னது இதுதான், இதற்கு ஆதாரமில்லை. மற்றையது வெறும் எண்கணக்கு: இரண்டு மூன்று ஆண்டுகளில் பிரிந்து தொற்றவேண்டிய பிள்ளைகள், தொற்றாமல் சேர்ந்திருந்து, ஒரே பருவத்தில் அகப்பட்டார்கள். தொற்றுக்கு ஆளாகாத தாய்மாரிடமிருந்து குழந்தைகளுக்குச் சென்ற எதிர்ப்புப் பொருளும் குறைந்திருந்தது.

என் பேரன் பிறந்தது 2020 நவம்பரில். வழமையான ஆண்டாயிருந்தால் இரண்டு மாதக் குழந்தையாக ஆர்.எஸ்.வி.யை எதிர்கொண்டிருக்கக்கூடும். மிக ஆபத்தான வயது அது. அவனுக்கு அது வந்ததோ ஏறத்தாழ இரண்டு வயதில், மூச்சுக்குழாய்கள் அகன்ற பின்னர். கடன் என்ற சொல் இந்த இலாபத்தை மறைத்துவிடுகிறது.

அப்படியானால் அன்றிரவு கட்டில் ஏன் இல்லை? அலை பெரியதென்பது உண்மை. ஆனால் 2008க்கும் 2018க்கும் இடையிலேயே அமெரிக்க வைத்தியசாலைகளில் சிறுவர் விடுதிகள் ஏறத்தாழ 19 வீதம் குறைந்துவிட்டன. சிறுவர் கட்டில் வளர்ந்தோர் கட்டிலளவு வருமானம் தருவதில்லை. இந்தக் குறைப்புக்கும் முகக்கவசத்துக்கும் தொடர்பேதுமில்லை; தொற்றுக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. கடனென்று ஒன்று இருந்தால் அதைப் பட்டவர்கள் பிள்ளைகள் அல்லர்.

2023இல் கைக்குழந்தைகளுக்கான எதிர்ப்புப் பொருள் ஊசியும், கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியும் அனுமதிக்கப்பட்டன. 2024-25 பருவத்தில், ஏழு மாதம்வரையான குழந்தைகள் ஆர்.எஸ்.வி.யால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது, கொவிட்டுக்கு முந்திய பருவங்களைவிட 28 முதல் 43 வீதம் குறைந்திருந்தது. கிருமியை முன்கூட்டியே கண்டு 'பழகாத' குழந்தைகள்தான் இவர்களும். பாதுகாக்கப்பட்டதால் இவர்கள் பலவீனமடைந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

நண்பருக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப பள்ளிக்கூடத்தைப் பூட்டினது சரியோ?" என்று கேட்டார். அது வேறு கேள்வி. கல்வியிலும் தனிமையிலும் பிள்ளைகள் இழந்தவற்றை வைத்து அதைத் தனியே விவாதிக்கவேண்டும். அதற்கு நான் தயார். சளியின் பெயரால் அதைத் தீர்த்துவிட முடியாது.