கதையைப் பீரோவில் பூட்டாதீர்கள்!

வீட்டு வேலையெல்லாம் முடிந்து, எல்லோரும் உறங்கிய பிறகு நோட்டுப் புத்தகத்தில் கதை எழுதும் சகோதரிகள் எத்தனையோ பேர். எழுதியதை என்ன செய்கிறார்கள்? பட்டுப் புடவைக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டி விடுகிறார்கள்! "என் கதையை யார் போடப் போகிறார்கள்?" என்ற தயக்கம்தான் காரணம்.

இந்தத் தயக்கத்துக்கு நல்ல மருந்து, போட்டி. பெயரை மறைத்து நடுவர்களிடம் தரும் போட்டியில், எழுதியவர் பிரபலமானவரா, யாருடைய சிபாரிசு என்பதெல்லாம் செல்லாது. கடைசித் தேதி என்று ஒன்று இருக்கிறதே, அது சோம்பலையும் விரட்டிவிடும்!

உதாரணம் வேண்டுமா? அநுத்தமா 12 வயதில் மணமானவர். 1947-ல் 'கல்கி' சிறுகதைப் போட்டியில் 'அங்கயற்கண்ணி' கதைக்குப் பரிசு பெற்றார். இரண்டே ஆண்டில், 1949-ல், 'மணல் வீடு' நாவலுக்குக் 'கலைமகள்' பரிசு கிடைத்தது. 15 வயதில் மணமான ராஜம் கிருஷ்ணனுக்கு, 1953-ல் 'பெண்குரல்' நாவல் அதே பரிசை வாங்கித் தந்தது. பிறகு 1973-ல் சாகித்ய அகாதெமி விருதும் வந்தது.

எங்கே தேடுவது?

பத்திரிகைகளின் தீபாவளி, பொங்கல் சமயங்களிலும், வெள்ளிவிழா, பொன்விழாக்களிலும் போட்டி அறிவிப்புகளை எதிர்பார்க்கலாம். புத்தகம் வெளிவந்துவிட்டதா? தமிழக அரசின் தமிழ் வளர்ச்சித் துறை சிறந்த நூல்களுக்குப் பரிசு அளிக்கிறது. 35 வயதுக்கு மேற்படாத எழுத்தாளர்களுக்கென்றே சாகித்ய அகாதெமி 2011 முதல் 'யுவ புரஸ்கார்' விருதையும் 50,000 ரூபாயையும் வழங்கி வருகிறது.

எழுதி முடிக்கும் முன்பே உதவும் உபகாரச் சம்பளங்களும் உண்டு. 2021-ல் நேஷனல் புக் டிரஸ்ட் மூலம் தொடங்கிய 'யுவா' திட்டத்தில், 30 வயதுக்கு உட்பட்ட 75 பேருக்கு ஆறு மாதம், மாதம் 50,000 ரூபாய் தரப்பட்டது. பிறகும் இத்திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆங்கிலமும் தமிழும் நன்கு தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி: நியூ இந்தியா ஃபவுண்டேஷனின் மொழிபெயர்ப்பு உதவித் தொகை. கதை அல்லாத நூல்களை ஆங்கிலத்தில் பெயர்க்க 6 லட்ச ரூபாய் தருவதாக 2021-ல் அறிவித்தார்கள். அதற்குரிய மொழிகளில் தமிழும் ஒன்று.

உத்தியோகம்?

"பேனாவை நம்பி உலை வைக்கலாமா?" என்று கேட்பீர்கள். அகிலன் ரயில்வே தபால் இலாகாவில் வேலை பார்த்தபடியே எழுதியவர். ஜெயகாந்தன் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். புரூஃப் திருத்துவது, மொழிபெயர்ப்பது இவற்றையெல்லாம் இன்று வீட்டிலிருந்தபடியே செய்யலாம். சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது பதிப்பகங்களின் கடைகளில் நேரிலேயே விசாரிக்கலாம்.

கொஞ்சம் ஜாக்கிரதை!

பரிசு தருவதாகச் சொல்லிவிட்டு முதலில் உங்களிடம் பணம் கேட்டால், பர்ஸைத் திறக்கும் முன் நன்றாக விசாரியுங்கள். விதிகளைக் கடைசி வரி வரை படியுங்கள். "பரிசு பெறும் கதையின் உரிமை முழுவதும் எங்களுக்கே" என்றிருந்தால் யோசிக்க வேண்டும். 1966-ல் 'கல்கி' வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு பெற்ற உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' 1978-ல் சினிமாவாக வந்தது. இன்றைய சிறு கதைக்கு நாளை என்ன மதிப்பு வரும் என்று யார் கண்டார்கள்? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து வருஷத்துக்குத்தான்.

இன்றே ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: எந்தப் போட்டி, கடைசித் தேதி, அனுப்பிய தேதி. ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். முடிவு சாதகமாக இல்லையா? கதையை ஒருமுறை திருத்துங்கள். அடுத்த விலாசத்தை எழுதுங்கள்!