வாங்கி வந்த குரோட்டன்ஸ் இலையைக் கொட்டுகிறதா? தூக்கிப் போடாதீங்க!

நர்சரியில் சிவப்பும் மஞ்சளுமாக ஜொலித்த குரோட்டன்ஸ், வீட்டுக்கு வந்த பத்தே நாளில் இலையைக் கொட்டுகிறதா? ‘செடி செத்துப்போச்சு’ என்று குப்பையில் போட்டுவிட வேண்டாம். பெரும்பாலும் அது இடம் மாறிய அதிர்ச்சிதான்.

ஏன் இலை உதிர்கிறது?

இந்தோனேசியா, மலேசியா, வட ஆஸ்திரேலியா, மேற்கு பசிபிக் தீவுகள்தான் இதன் பூர்வீகம். வெப்பத்துக்கும் ஈரக்காற்றுக்கும் பழகிய செடி இது. நர்சரியின் நிழல்வலைக்கு அடியில் வளர்ந்துவிட்டு, திடீரென ஏசி அறைக்கோ மொட்டை மாடிக்கோ வந்தால் தாங்காது. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. மறுபடி இடம் மாற்றாமல் விட்டால், சில வாரங்களில் துளிர்விடும்.

நிறம் எங்கே போச்சு?

இலையின் சிவப்புக்கு ஆந்தோசயனினும், மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் கரோட்டினாய்டுகளும் காரணம். வெளிச்சம் குறைந்தால் புது இலைகள் பச்சையாகவே நின்றுவிடும். ஹால் மூலையில் வைத்துவிட்டு எவ்வளவு உரம் போட்டாலும் பலன் இல்லை. அதேசமயம், இளம் இலை பச்சையாக வந்து, முற்ற முற்ற நிறம் ஏறுவது இதன் இயல்பு. அதற்கு டென்ஷன் வேண்டாம்.

திருவண்ணாமலை வெயிலுக்கு என்ன செய்யலாம்?

கடல் காற்று எட்டாத ஊர். கோடையில் வெயில் 40 டிகிரியை நெருங்கும். அதனால்,

• காலை வெயில் படும் கிழக்கு ஜன்னலோ பால்கனியோதான் சரியான இடம். ஏப்ரல், மே மாதங்களில் மதிய வெயில் படக் கூடாது, இலை கருகிவிடும்.

• மண்ணில் விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில், தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். தேங்கினால் வேர் அழுகும்.

• போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால், இலை நுனி காயலாம். பிடித்து வைத்த மழைநீரை ஊற்றலாம்.

• வறண்ட நாட்களில் இலையின் அடியில் மெல்லிய வலை தெரிந்தால், அது சிலந்திப் பேன். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெருமளவு குறையும்.

குழந்தைகள் இருக்கும் வீடா?

இலையையோ தண்டையோ கிள்ளினால் வரும் பால், தோலில் எரிச்சலைத் தரும்; வாயில் வைத்தால் வயிற்றைக் கெடுக்கும். குழந்தை, நாய், பூனைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கிளை வெட்டும்போது கையுறை போடுங்கள்; கண்ணில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.