அசையும் ஓவியம்

ஓவியம் நம் நாட்டின் பழங்கலை. அசைவூட்டப் படம் அதன் புதுக்கிளை. திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பத்து நொடிக்கு 240 படங்கள். ஆதலின், தொடக்கத்தில் நேரும் சிறு பிழையும் நூற்றுக்கணக்கான படங்களிலே தொடரும். அதனைத் தடுப்பன களவரைவு, பொருள்வரைவு என்னும் இரண்டாம்.

களவரைவாவது, காட்சி நிகழும் இடத்தையும், அதனை எங்கிருந்து காண்பது என்பதையும், உருவங்கள் இயங்கும் வெளியையும் முன்னரே வகுத்துக்கொள்ளுதல். சங்கரன்கோவிலின் ஆடித்தபசுத் திருநாளை வரைய விரும்பும் மாணவன், ஒன்பது நிலைக் கோபுரத்தின் அடியில் மக்கள் எவ்வளவு சிறியராய்த் தோன்றுவர் என்பதை நேரிற் கண்டறிதல் வேண்டும்.

பொருள்வரைவாவது, உருவங்கள் கொண்டுள்ள பொருள்களின் வடிவையும் அளவையும் பல பக்கங்களிலிருந்தும் வரைந்து வைத்தல். அவ்வூர்ச் சங்கரநாராயணர் திருவுருவில் வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். திருமேனி ஒன்றேயாயினும், சடையும் மழுவும் புலித்தோலும் சிவனை உணர்த்துகின்றன; மணிமுடியும் சங்கும் பட்டாடையும் திருமாலை உணர்த்துகின்றன. பொருளே ஆளைக் காட்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? ஒரு காட்சியிற் சாணளவாய் இருந்த மழு, அடுத்த காட்சியில் முழ அளவாகுமாயின் கதையே கெடும்.

ஆகவே, கூர்ந்து நோக்குதலும் அளவு பிறழாமையுமே இக்கலையின் அடிப்படை. கண் பழகிய பின்னரே கை பழகும்.