கொதித்தாறிய நீரும் ஊர்க் குளமும்

கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தாய் முதலிலே நீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுகிறாள். நல்ல வழக்கம், கிருமிகள் மடிந்துவிடும். ஆயின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சில கிணறுகளிலே கரைந்துள்ள நைத்திரேற்று என்னும் உப்பு கொதித்தாலும் போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழையே நமது செல்வம். அது நிலத்தினுள் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. அடியிலே கனமான கடல்நீர். அதன்மேல் மிதப்பதே நாம் அள்ளும் நன்னீர். புத்தூர் நிலாவரைக் கிணறும் இவ்வாறே: மேலே நன்னீர், ஆழம் செல்லச் செல்ல உவர்நீர்.

பல இடங்களில் இக்கல்லை மூடியுள்ள மண் மிக மெல்லியது. ஆதலால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அளவின்றி இடும் யூரியாப் பசளையிலே பயிர் உண்டது போக மிஞ்சியது, நைத்திரேற்றாக மாறி நீரோடு கீழே இறங்குகிறது. மலகூடக் குழியின் கசிவும் அப்படியே. நமது கிணற்றுக்குத் தூரமாகவே குழி வெட்டுகிறோம். வேலிக்கு அப்பால் அயலவர் கிணறு இருப்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருத்தலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தோட்டச் செய்கை மிகுந்த பகுதிகளிலே இதைத் தாண்டிய கிணறுகள் உண்டென ஆய்வுகள் காட்டியுள்ளன. பிறந்து சில மாதங்களேயான சிசுவுக்கே இதனால் அபாயம் அதிகம். நைத்திரேற்று உடலினுள் மாற்றமடைந்து, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கிறது; உதடும் நகமும் நீலம் பூக்கின்றன. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே கொம்லி என்ற வைத்தியர், இவ்வாறு நீலம் பூத்த சிசுக்களின் பாலிற் கலந்த கிணற்று நீரே காரணமென எழுதினார். தாய்ப்பால் மட்டும் அருந்தும் பிள்ளைக்கு இவ்வச்சம் இல்லை.

இங்கேதான் ஊர்க் குளத்தின் அருமை விளங்கும். மழைநீரைத் தடுத்து நிறுத்தி மெல்ல நிலத்துக்கு ஊட்டுவது அது. அவ்வாறு இறங்கும் புதுநீர் கீழுள்ள நைத்திரேற்றை ஐதாக்கும். உவர்நீரும் மேலெழாது தடுக்கும். நாமோ குளத்திலே குப்பை கொட்டினோம். வாய்க்காலை அடைத்து மதில் எழுப்பினோம். பெய்த மழையில் ஒரு பங்கு கடலுக்கு ஓடுகிறது. அடியிலே களி படிந்த குளத்தில் நீர் நிறைந்து நின்றாலும் கீழே இறங்காது. கோடையிலே தூர் வாருவதை முன்னோர் ஊர்ப்பணியாகச் செய்தது வீண் வேலையன்று.

பசளையையும் ஒரேயடியாகக் கொட்டாமல், பயிருக்குத் தேவைப்படும் வேளையிலே சிறுகச் சிறுக இடலாம், பணமும் மிஞ்சும். பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் வீட்டார், தொட்டில் வாங்குமுன் ஒரு போத்தல் கிணற்று நீரைச் சோதனைச்சாலைக்கு அனுப்பி, நைத்திரேற்றின் அளவைக் கேட்டறிதல் நன்று. அளவு மிகுந்திருப்பின், பாதுகாப்பானதெனச் சோதித்தறிந்த வேறு நீரிலே பால்மாவைக் கரைக்கட்டும்.