ஜெராக்ஸ் மிஷின் புகை விடுமா? தெரியுமா?

திருவனந்தபுரம் வலியசாலைப் பக்கம் ஒரு போட்டோஸ்டாட் கடை. ஆதார் அட்டையை நீட்டிவிட்டு நிற்கிறீர்கள். சுடச்சுட வரும் தாளோடு ஒரு வாடையும் வருகிறதே, அதில் ஓசோனும் உண்டு, தெரியுமா? வானத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன்தான்! மூக்கில் ஏறினால் தொண்டை கரகரக்கும். பழைய மிஷின்களில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும் கம்பி அதை உண்டாக்கியது. கம்பி போய் உருளை வந்ததும் வெகுவாகக் குறைந்துவிட்டது.

வாடையே இல்லாத சமாச்சாரம்தான் விவகாரமானது. டோனர் பொடியைத் தாளில் உருக்கி ஒட்டும் உருளையின் சூடு 200 டிகிரி செல்சியஸை நெருங்கும். அந்தச் சூட்டில் கிளம்பும் ஆவி, ஆறியதும் நுண்துகளாகிறது. தலைமுடித் தடிமனில் ஐந்நூறில் ஒரு பங்குகூட வராத துகள்! பறப்பது பெரும்பாலும் கறுப்புப் பொடியே அல்ல என்றால் நம்புவீர்களா?

2007-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லிடியா மொராவ்ஸ்காவின் ஆய்வுக் குழு, ஓர் அலுவலகத்தில் இதேபோல் டோனரை உருக்கி ஒட்டும் 62 பிரிண்டர்களைச் சோதித்தது. 17 ஏராளமாகக் கக்கின. பாதிக்குமேல் கக்கவே இல்லை! வேலை நேரத்தில் அந்த அலுவலகக் காற்றில் துகள் ஐந்து மடங்கு. புது டோனர் போட்டால் இன்னும் கூடுதல்.

நம் பக்கத்து ஆராய்ச்சி? பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கோயம்புத்தூர். அங்கே ஜெராக்ஸ் கடை ஊழியர்களின் குரோமோசோம்களையே பரிசோதித்து, மற்றவர்களைவிடச் சேதம் அதிகம் என்று கண்டார்கள். 2013-இல் வெளிவந்த இன்னொரு தமிழ்நாட்டு ஆய்வு இன்னும் விசித்திரம்: ஊதிக் காட்டும் நுரையீரல் சோதனையில் ஊழியர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை, ரத்தத்திலோ அழற்சியின் அடையாளங்கள் கூடியிருந்தன! நோய் வந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஐந்து நிமிஷம் நிற்கும் நமக்குப் பயமும் வேண்டாம். நாளெல்லாம் மிஷினை ஒட்டியே நிற்கும் கடைச் சேச்சியின் கதை வேறு. ஜன்னலைத் திறந்து வைக்கலாம், மிஷினின் காற்றுத் துவாரம் அவர் முகத்தைப் பார்க்காமல் திருப்பி வைக்கலாம். இதற்கு என்ன செலவு?

ஜெர்மனியின் ‘நீல தேவதை’ சுற்றுச்சூழல் முத்திரை ஒரு மிஷினுக்கு வேண்டுமென்றால், அச்சடிக்கும் பத்து நிமிஷத்தில் துகள் 35,000 கோடியைத் தாண்டக் கூடாது. கட்டுப்பாடே அவ்வளவு!

இன்னொன்று: 1959-இல் வந்த ஜெராக்ஸ் 914-இல் தாள் சில சமயம் தீப்பிடித்ததால், மிஷினோடு தீயணைப்பானையும் சேர்த்தே கொடுத்தார்கள்!