உடை வேறு, உரிமை ஒன்று

சமயச் சார்பின்மை என்பது, அரசு எச்சமயத்தின் பக்கமும் சாயாதிருத்தலாகும். அங்ஙனமாயின், பொதுவிடத்துக்கு வரும் குடிமகனும் தன் சமய அடையாளத்தைக் களைந்துவிட்டு வருதல் வேண்டுமா? இவ்வினாவை ஆராய்வதற்கு 1905ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள் நமக்குத் துணைபுரியும்.

ஒன்று, நம் நாட்டிலே நிகழ்ந்தது. அத்துவக்காத்து எம். சி. அப்துல் காதர் அவர்கள் துருக்கித் தொப்பியும் சப்பாத்தும் அணிந்து உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார். பிரதம நீதியரசர் லேயாட் அதற்கு இணங்கவில்லை. மேலைத்தேய முறைப்படி தொப்பியையேனும், கீழைத்தேய முறைப்படி சப்பாத்தையேனும் கழற்றுதலே மரியாதை என்பது மன்றின் நிலைப்பாடு. ஆங்கிலக் கல்வி பெற்ற ஒருவர் தம் சமய மரபையும் பேணலாம் என்பதற்கு அவ்விதியில் இடமில்லை. முஸ்லிம் மக்கள் அவ்வாண்டு டிசம்பர் 31இல் மருதானையிலே பெருங்கூட்டம் கூடித் தம் ஆட்சேபத்தைத் தெரிவித்தனர். பின்னர் தொப்பியுடன் தோன்ற அனுமதி கிடைத்தது. அதனால் நீதிமன்றத்தின் மாண்பு குறைந்துவிடவில்லை.

மற்றொன்று, பிரான்சு நாட்டிலே நிகழ்ந்தது. அதே டிசம்பர் 9ஆம் நாள் அங்கு இயற்றப்பட்ட சட்டம் அரசையும் திருச்சபையையும் வேறு பிரித்தது. அத்துடன் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் உறுதிசெய்தது. சார்பின்மைக் கடமை அரசின்மீதே அன்று சுமத்தப்பட்டது. ஆயின், 2004ஆம் ஆண்டுச் சட்டம் அரசினர் பாடசாலை மாணவர் சமயத்தை வெளிப்படையாகப் புலப்படுத்தும் சின்னங்களை அணிதலைத் தடைசெய்தது. முக்காடு, தலைப்பாகை, யூதர் தொப்பி, பெரிய சிலுவை யாவும் இதில் அடங்கும். இளம் பிள்ளைகளைப் பிறருடைய வற்புறுத்தலிலிருந்து காப்பதே நோக்கம் என்றனர். அக்கவலை புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், சீக்கிய மாணவர் ஒருவர் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டமை அவருடைய சமய உரிமையை மீறியதென ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2012இல் முடிவுசெய்தது.

இவற்றால் நாம் அறிவது யாது? நடுநிலைமை என்பது அதிகாரம் செலுத்துவோரின் கடமை; அதிகாரத்தின்முன் நிற்போர் செலுத்தவேண்டிய வரியன்று. பரீட்சை விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர், எழுதியவர் நெற்றியில் திருநீறு உண்டா, தலையில் முக்காடு உண்டா என நோக்குவதில்லை. அந்நோக்காமையே சார்பின்மை. திருநீற்றை அழித்துவிட்டு வா, முக்காட்டை நீக்கிவிட்டு வா என்பது அதனின் வேறானது.

ஒரு நாட்டின் மக்கள் ஒரே தோற்றத்தினராய் இருத்தல் வேண்டுமென்பதில்லை. எத்தோற்றத்தினரும் ஒரே நீதியைப் பெறுவர் என்னும் நம்பிக்கை நிலைத்தால், நாட்டுப்பற்று அங்குத் தானே வேரூன்றும்.