ஏற்றவற்றத்தைப் புள்ளியாக்கி மீண்டும் கோடாக்குவது

தூத்துக்குடிக்கு நிலக்கரி கொண்டுவரும் பனாமாக்ஸ் ரகக் கப்பல் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால், ஏறத்தாழ 65 டன் சரக்கு அதிகம் ஏற்றியிருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் ஒரு மீட்டரைத் தொடுவது அரிது. காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இது சிரிப்பாகக்கூட இருக்கும். ஆனால் ஏற்றம் சிறியதாக இருக்கும் இடத்தில்தான் பிழைக்கு இடம் குறைவு. கிடைப்பதே சில பத்து சென்டிமீட்டர். அதில் ஆறு சென்டிமீட்டரைக் கணக்கில் தவறவிட்டால் 400 டன் சரக்கு அடிபடுகிறது.

1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இன்றைய வ.உ.சி. துறைமுகத்தை வைத்துக்கொண்டு, கடல் மட்டம் எப்படி எண்களாகிறது, அந்த எண்களிலிருந்து பழைய கோட்டை எப்படி மீட்பது என்று பார்க்கலாம். கடல் மட்டம் இடைவிடாமல் மாறுகிறது. பொறியாளர்கள் இதை அனலாக் சிக்னல் என்பார்கள். அட்டவணைக்கும் கணினிக்கும் வேண்டியது விட்டுவிட்டு எடுத்த அளவுகள். பல பாடப்புத்தகங்கள் நேராக 'எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எடுப்பது' என்ற கேள்விக்குப் போய்விடும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் எடுத்த எண்களைப் பிறகு எந்தக் கணினியாலும் சரிசெய்ய முடியாது.

தண்ணீரில் என்னென்ன அசைவுகள் கலந்திருக்கின்றன என்று முதலில் பட்டியல் போட வேண்டும். காற்று கிளப்பும் அலைகளும் தூரத்திலிருந்து வரும் பேரலைகளும் சில நொடிகளிலிருந்து பதினைந்து இருபது நொடிக்குள் ஒரு சுற்று முடிப்பவை. அலைதடுப்புச் சுவர்களுக்குள் தண்ணீர் மொத்தமாக ஆடும் ஆட்டம் சில நிமிடங்கள் எடுக்கும். சுனாமி வந்தால் பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை. சந்திரனால் வரும் முக்கிய ஏற்றவற்றம் 12 மணி 25 நிமிடம், சூரியனால் வருவது சரியாக 12 மணி. நாளுக்கு ஒருமுறை வருபவை 24, 26 மணியை ஒட்டியவை. இதற்கு மேல் வாடைக்காற்றும் கச்சானும் மாறிமாறி வீசுவதால் பருவத்துக்குப் பருவம் மட்டம் ஏறி இறங்குவது தனி. நமக்கு வேண்டியது ஏற்றவற்றம் என்றால், நொடிக்கணக்கில் ஆடும் அலையை எண்ணுவதற்கு முன்பே விலக்கியாக வேண்டும்.

ஏன் முன்பே? எட்டரை நொடிக்கு ஒரு சுற்று வரும் பேரலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நிமிடத்துக்கு ஒரே ஒரு தடவை மட்டத்தைப் பார்த்து எழுதுகிறார். ஒரு நிமிடத்தில் அந்த அலை ஏழு சுற்றும் அதற்கு மேல் சொற்பமும் ஓடியிருக்கும். முழுச் சுற்றுகள் எழுத்தில் வராது. அந்தச் சொற்பம் மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் சேர்ந்துகொண்டே போகும். எழுதியதை வரைந்து பார்த்தால் 17 நிமிடத்துக்கு ஒரு முறை மெதுவாக ஏறி இறங்கும் ஓர் அலை தெரியும். கடலில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் சுனாமி எச்சரிக்கை மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு 17 நிமிட அலை என்பது தூக்கத்தைக் கெடுக்கும் சமாசாரம். இதைப் போலியலை என்று சொல்லலாம். தாளில் ஏறிய பிறகு போலியையும் மெய்யையும் பிரித்தறிய எந்த அடையாளமும் கிடையாது.

ஆகவே வடிகட்டிதான் முதல் கருவி. மின்னணு வருவதற்கு வெகு முன்பே ஏற்றமானிகளில் இது இருந்தது. துறைமுகச் சுவரை ஒட்டி நிற்க வைத்த ஒரு குழாய், உதாரணமாக 30 சென்டிமீட்டர் விட்டம். அடிப்பக்கம் மூடி, மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒரு துளை. விட்டத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான விகிதம். வெளியே அலை உயரும்போது துளை வழியாகத் தண்ணீர் உள்ளே புக ஆரம்பிக்கும். கொஞ்சம் நுழைவதற்குள் அலை இறங்கிவிடும். மணிக்கணக்கில் ஏறும் ஏற்றத்துக்கோ தாராளமாக அவகாசம் உண்டு. ஆக, குழாய்க்குள் தண்ணீர் அலையடிக்காமல், ஏற்றவற்றத்தை மட்டும் பின்தொடரும். சிக்னல் துறையில் தாழ்நிலை வடிகட்டி என்று மின்தடையும் மின்தேக்கியும் வைத்துச் செய்வதை இங்கே ஒரு துளையும் ஒரு குழாயும் செய்கின்றன.

இந்த வடிகட்டிக்குக் கெடு வைப்பது கொட்டலசு. மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான தண்ணீரில் துளையின் விளிம்பெங்கும் அது சுண்ணாம்புப் பற்கள் போல ஒட்டி வளர்ந்துவிடும். மூன்று சென்டிமீட்டர் துளை இரண்டாகும், ஒன்றாகும். அப்போது அலையோடு ஏற்றமும் வடிகட்டப்படும்: உச்சம் தாமதமாக வரும், உயரமும் குறையும். வரைபடம் பார்க்க முன்பைவிட அழகாக, வழுவழுப்பாக இருக்கும் என்பதால் சட்டென்று சந்தேகம் வராது. என்னைக் கேட்டால், ஏற்றமானிப் பராமரிப்பில் எல்லா மென்பொருளையும்விட முக்கியமானது காலாகாலத்தில் ஆள் இறங்கித் துளையைச் சுரண்டுவதுதான்.

இப்போது பல இடங்களில் குழாயே இல்லாத ரேடார் ஏற்றமானிகள் வந்துவிட்டன. மேலே பொருத்திய கருவி, தண்ணீர்ப் பரப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மைக்ரோஅலையால் அளக்கும். அங்கே துளை இல்லை, ஆகவே வடிகட்டலை எண்களில் செய்ய வேண்டும். நொடிக்கு ஒரு அளவு எடுத்தால் இரண்டு நொடிக்கு மேல் சுற்றுக்காலம் உள்ள அலையெல்லாம் தன் உண்மை வடிவில் பதிவாகும். பிறகு அவற்றைச் சராசரியாக்கி நிமிடத்துக்கு ஒரு எண்ணாகச் சுருக்கலாம். நிமிடத்துக்கு ஒன்று என்பது இரண்டிலும் ஒன்றுதான். அறுபதைச் சராசரியாக்கி வந்த ஒன்றா, கண்ணை மூடித் திறந்து எடுத்த ஒன்றா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வடிகட்டிய பிறகுதான் இடைவெளிக் கேள்வி. விதி சுருக்கமானது: மிச்சமிருக்கும் அசைவுகளில் மிக வேகமானது எதுவோ, அதன் ஒரு சுற்றுக்கு இரண்டு அளவுகளுக்கு மேல் வேண்டும். 1928இல் நைக்விஸ்ட் தந்தி பற்றி எழுதியதிலும், 1933இல் ரஷ்யாவில் கோட்டெல்நிகோவ் எழுதியதிலும், 1949இல் ஷானன் தந்த நிரூபணத்திலும் இதே கருத்து வருகிறது. ஆழம் குறைந்த கரையோரங்களில் ஏற்றவற்றம் உடைந்து ஆறு மணி, நான்கு மணிச் சுற்றுகளும் பிறந்தாலும், மணிக்கு ஓர் அளவு என்பது ஏற்றவற்றத்துக்குப் போதும். அந்தக் காலத்தில் மிதவையோடு இணைத்த பேனா, கடிகார உருளையில் சுற்றிய தாளில் கோடு கிழித்துக்கொண்டே போகும்; அலுவலகத்தில் ஒருவர் தாளை விரித்து, நெளிவுகளின் நடுவாகப் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டு, மணிக்கோடு வெட்டும் இடங்களில் உயரத்தைப் படித்து எழுதுவார். அந்தப் பென்சில் கோடும் ஒரு வடிகட்டிதான்.

நாளுக்கு ஒரே தடவை, காலை ஆறு மணிக்கு மட்டும் பார்த்து எழுதினால் என்ன ஆகும்? சூரியனின் 12 மணி நேர ஏற்றம் ஒவ்வொரு காலையும் அதே நிலையில் நிற்கும்; ஏட்டில் அது வெறும் மாறாத எண். சந்திரனின் ஏற்றம் 14.8 நாள் சுற்றாகத் தெரியும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் உள்ள இடைவெளியும் அதுவே என்பதால் நம்பும்படியாகவும் இருக்கும்! 23 மணி 56 நிமிடச் சுற்று ஒன்று உண்டு. அது சரியாக ஒரு வருடச் சுற்றாகி, பருவ மாற்றத்தோடு கலந்துவிடும். 1992இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்-போசைடன் செயற்கைக்கோள் ஒரே இடத்துக்கு ஏறத்தாழ பத்து நாளுக்கு ஒருமுறைதான் வந்தது. சந்திர ஏற்றம் அதன் கண்ணுக்கு 62 நாள் அலையாகத் தெரியும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, போலிகள் ஒன்றோடொன்று கலக்காத விதத்தில்தான் அதன் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முத்துக்குளித்த காலத்திலும் இந்தக் கரை இதே சிக்கலைச் சந்தித்தது. குளிப்பை அறிவிக்கும் முன், பார் எனப்படும் கடலடித் திட்டுகளில் சிப்பி தேறுமா என்று பார்க்கப் படகுகள் போகும். இடைவெளி விட்டு விட்டு ஆட்கள் மூழ்கி, கீழே சிப்பியா மணலா என்று வந்து சொல்ல, அதை வைத்துப் படுகையை வரைவார்கள். மாதிரிச் சிப்பிகளைக் கரைக்குக் கொண்டுவந்து முத்து மதிப்பும் போடுவார்கள். இங்கே நேரத்துக்குப் பதில் தூரம். இரண்டு முழுக்குகளுக்கு நடுவே அடங்கிவிடும் சிறு படுகை படத்தில் வராது. கடல் தரைக்கு வடிகட்டி வைக்க வழியில்லை என்பதால், நெருக்கி நெருக்கி மூழ்குவது ஒன்றே வழியாக இருந்தது. 1961க்குப் பிறகு தூத்துக்குடிப் பார்களில் அந்தக் குளிப்பே நின்றுபோனது.

அடுத்தது அளவைப் படிகளாக்குவது. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்து மீட்டர் நீளத்தை 12 பிட்டில் பிரித்தால் 4096 படி, ஒரு படி 2.4 மில்லிமீட்டர். 8 பிட்டில் பிரித்தால் ஒரு படியே நான்கு சென்டிமீட்டரை நெருங்கும். தூத்துக்குடியின் மொத்த ஏற்றமும் இருபது படிக்குள் முடிந்துவிடும். படியைவிடக் கடிகாரம் அதிகம் ஏமாற்றும். 20 சென்டிமீட்டர் வீச்சுள்ள சந்திர ஏற்றம் வேகமாக ஏறும் நேரத்தில் மணிக்குப் பத்து சென்டிமீட்டர் ஏறும். கருவியின் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தினால், ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் பிழை வரும்.

இனி மீட்பது. கணக்கு எளிதாக இருக்க 12 மணிச் சுற்று, 20 சென்டிமீட்டர் வீச்சு, மூன்று மணிக்கு ஓர் அளவு என்று எடுத்துக்கொள்வோம். சராசரி மட்டத்தைக் கழித்துவிடலாம். உச்சம் சரியாக இரண்டு அளவுகளுக்கு நடுவே விழுகிறது. அப்போது ஏட்டில் இருப்பது 14.1, 14.1, −14.1, −14.1 என்று மாறிமாறி வரும் எண்கள். ஒவ்வொரு அளவையும் அடுத்தது வரும்வரை அப்படியே நிறுத்திவைத்தால் படிக்கட்டு கிடைக்கும். புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தாலும் உச்சம் 14.1தான், ஆறு சென்டிமீட்டர் காணாமல் போய்விட்டது. ஆனால் அது எண்களுக்குள் இருக்கிறது.

அதை வெளியே எடுக்க, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சிங்க் வளைவைக் கொடுக்க வேண்டும்: தன் இடத்தில் முழு உயரம், மற்ற அளவுகளின் இடங்களில் சுழியம், நடுவில் மேலும் கீழுமாகத் தணிந்துகொண்டே போகும் வால். எல்லா வளைவுகளையும் கூட்டினால் கோடு வரும். நடுப்புள்ளியில் பக்கத்து இரண்டு அளவுகளுக்கும் எடை 0.637, அதற்கடுத்த சோடிக்கு −0.212, பிறகு 0.127, −0.091, 0.071. முதல் சோடி 18.0 தருகிறது. இரண்டாவதைச் சேர்த்தால் 24.0. மூன்றாவதோடு 20.4, நான்காவதோடு 17.8, ஐந்தாவதோடு 19.8. இப்படி ஆடி ஆடி 20இல் போய் அடங்கும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள உயரத்தைச் சொல்ல அரை நாளுக்கு அப்பால் எடுத்த அளவுகளும் சாட்சிக்கு வர வேண்டியிருக்கிறது. முறைப்படி எல்லையில்லாத அளவுகள் தேவை; நடைமுறையில் வாலை மென்மையாக வெட்டிவிட்டு, சுற்றுக்கு இரண்டு என்பதற்குப் பதில் பத்துப் பன்னிரண்டு அளவு எடுத்து நிம்மதியாக இருப்பார்கள்.

ஏற்றவற்றத்தில் இன்னொரு சௌகரியம் உண்டு. அதன் சுற்றுக்காலங்கள் வானியலால் முன்பே தெரிந்தவை. ஆகவே மணிக்கொரு அளவுகளிலிருந்து ஒவ்வொரு சுற்றின் வீச்சையும் கட்டத்தையும் மட்டும் கண்டுபிடித்தால் போதும். பிறகு வரப்போகும் வருடத்தையும் வரையலாம். 1879இல் இந்தியத் துறைமுகங்களின் அட்டவணைக்காக எட்வர்டு ராபர்ட்ஸ் லண்டனில் செய்வித்த இயந்திரம் இதைச் சக்கரங்களாலும் கப்பிகளாலும் செய்தது. சுற்றுக்கு ஒரு சக்கரம்; எல்லாக் கப்பிகளின் மேலும் ஓடும் ஒரே கம்பி அவற்றைக் கூட்டி, நுனியிலுள்ள பேனாவை அசைக்கும்.

2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு சுமத்ரா அருகே நிலநடுக்கம். இலங்கையின் மறைவில் இருந்த தூத்துக்குடி ஏற்றமானியில் பத்து மணி நெருங்கும்போது அலை பதிவாயிற்று. சக்கரங்கள் எதிலும் அது இல்லை; அளந்த மட்டத்திலிருந்து கணித்த ஏற்றத்தைக் கழித்தால்தான் அது தனியே நிற்கும். அரைமணிச் சுற்றுள்ள அலையை மணிக்கொரு அளவில் பிடிக்கவே முடியாது. 2007இல் ஹைதராபாதில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியதையொட்டி, கரையோர ஏற்றமானிகள் நிமிடக்கணக்கில் அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்பும் முறை வந்தது.

நிமிட அளவுகள் வந்தபின் அவற்றைச் சுருக்கும்போதும் அதே ஒழுங்குதான். கடல் மட்ட உயர்வை ஆராய்பவருக்கு நாளுக்கு ஓர் எண் போதும் என்றால், நண்பகல் அளவை மட்டும் பொறுக்கக் கூடாது. லிவர்பூலில் டூட்சன் வகுத்தபடி, நண்பகலுக்கு முன்னும் பின்னும் 19 மணி நேரமாக 39 மணிக்கொரு அளவுகளை எடைபோட்டு ஏற்றவற்றத்தைக் கரைத்த பிறகே ஓர் எண்ணை எழுத வேண்டும். நடுவே கருவி நின்றுபோய் சில மணி நேரம் காலியாக இருந்தால், அமைதியான நாளில் கணித்த ஏற்றத்தை வைத்து இட்டு நிரப்பி, நிரப்பியது என்று குறி போடலாம். புயலிலோ சுனாமியிலோ விழுந்த காலியைக் காலியாகவே விட்டுவிடுவார்கள்.